பட்டியில் எத்தனை ஆட்டுக்குக் குடற்புழு? புழுக்கையை எண்ணிக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

"உங்கள் ஊர் ஆடுகளில் எத்தனைக்குப் புழு இருக்கும்?" என்று பாலக்கோடு பக்கம் கேட்டாலும் ஊத்தங்கரை பக்கம் கேட்டாலும் ஒரே பதில்தான் வருகிறது: "எல்லாத்துக்கும் இருக்கும்ங்க." மருந்தும் அந்தக் கணக்கில்தான் போகிறது. எல்லா ஆட்டுக்கும் ஒரே அளவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. எண்ணிப் பார்த்துவிட்டுக் கொடுப்பவர்கள் மிகக் குறைவு.

எண்ணுவது கடினமான வேலை இல்லை. ஆனால் அதற்கு ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை மாறினால், வேலையெல்லாம் செய்து முடித்த பிறகும் கையில் இருக்கும் எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. ஆடு வளர்ப்போர் குழுக்கள், சிறு பண்ணைக்காரர்கள், கள ஆய்வுக்கு வரும் மாணவர்கள் ஆகியோரோடு இந்த வேலையைச் செய்தபோது அவர்கள் எங்கெல்லாம் தடுமாறினார்கள் என்று பார்த்திருக்கிறேன். அந்த இடங்களை எல்லாம் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

1. கேள்வியை முதலில் எழுதி வையுங்கள்

புழுக்கை எடுக்கக் கிளம்பும் முன் நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். உதாரணமாக: "எங்கள் ஊர் வெள்ளாடுகளில், ஐப்பசியில், எத்தனை சதவீத ஆடுகளின் புழுக்கையில் உருண்டைப்புழு முட்டை வருகிறது?" எந்த விலங்கு, எந்த இடம், எந்தக் காலம், எந்தப் புழு என்ற நான்கும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

விலங்கைக் குறிப்பிடக் காரணம்: செம்மறி தரையோடு ஒட்டி மேயும், வெள்ளாடு தலையைத் தூக்கித் தழை கடிக்கும். புழுவின் குஞ்சுகள் பெரும்பாலும் புல்லின் அடியில், தரையிலிருந்து சில விரல்கடை உயரத்துக்குள்தான் இருக்கின்றன. அதனால் இரண்டையும் கலந்து ஒரே சதவீதம் போட்டால் இரண்டுக்குமே பொருந்தாத எண்தான் கிடைக்கும்.

காலத்தைக் குறிப்பிடக் காரணம்: வெதுவெதுப்பும் ஈரமும் இருந்தால், புழுக்கையில் விழுந்த முட்டை ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய குஞ்சாகிவிடும். அதை ஆடு மேய்ந்த பிறகு, இரைப்பையில் ரத்தம் குடிக்கும் புழுவாக வளர்ந்து முட்டை போட இன்னும் மூன்று வாரம் ஆகும். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவத்திலும் மழை உண்டு. நல்ல மழை பெய்து ஒரு மாதம் கழித்து எடுத்த எண்ணையும் சித்திரை வெயிலில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "புழு குறைந்துவிட்டது" என்று சொல்லக் கூடாது.

புழுவைக் குறிப்பிடுவதில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். முட்டையைக் குடல் வழியே வெளியே விடும் புழுக்களை மட்டும்தான் புழுக்கையில் காண முடியும். செம்மறியின் மூளையில் நீர்க்கட்டி உண்டாக்கிச் சுற்றிச் சுற்றி வர வைக்கும் புழுவின் முட்டை நாயின் மலத்தில்தான் வரும், ஆட்டுப் புழுக்கையில் வராது. ஈரல், நுரையீரலில் வளரும் நீர்க்கட்டிப் புழுவும் அப்படித்தான். ஆகவே "எல்லா ஒட்டுண்ணியும்" என்று எழுதாதீர்கள்.

2. ஊரில் உள்ள எல்லா ஆட்டையும் பட்டியல் போடுங்கள்

இதைச் செய்ய யாருக்கும் பிடிப்பதில்லை. ஆனால் இதைச் செய்யாமல் அடுத்த எந்தப் படிக்கும் போக முடியாது.

மேய்ச்சலுக்கு ஓட்டும் முன், விடியற்காலையில் வீடு வீடாகப் போங்கள். ஒவ்வொரு ஆட்டுக்கும் ஓர் எண். காதில் வில்லை இருந்தால் அந்த எண்ணையே எழுதுங்கள். இல்லையென்றால் கழுத்தில் எண் எழுதிய துணிப்பட்டை கட்டலாம். ஆட்டை அதன் பெயரில் எழுதாதீர்கள். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரே ஆட்டை வீட்டில் தெலுங்கில் ஒரு பெயரிலும் மேய்ப்பவர் கன்னடத்தில் வேறு பெயரிலும் கூப்பிடுவார்கள். இரண்டாம் முறை போகும்போது எந்த ஆடு என்று தெரியாமல் நிற்பீர்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: ஆணா பெண்ணா, வயது (பால்பல் மட்டும் இருந்தால் ஏறக்குறைய ஒரு வயதுக்குள், இரண்டு பல் போட்டிருந்தால் ஒரு வயதைத் தாண்டியது), சினையா, குட்டி ஈன்று எத்தனை நாள், எங்கே மேய்கிறது, கடைசியாகப் புழு மருந்து கொடுத்த தேதி, மருந்தின் பெயர்.

ஈன்ற நாளைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. குட்டி ஈனும் சமயத்தை ஒட்டித் தாயின் எதிர்ப்புச் சக்தி தளரும், முட்டை எண்ணிக்கை ஏறும். தை மாதம் ஊரில் பாதிப் பெட்டைகள் ஈன்றிருந்தால், உங்கள் சதவீதம் அதனால்கூட உயர்ந்திருக்கலாம்.

கடந்த ஆறு வாரத்துக்குள் மருந்து குடித்த ஆடுகளையும், போச்சம்பள்ளி சந்தை மாதிரி வெளியிலிருந்து வாங்கி வந்து ஒரு மாதம் ஆகாத ஆடுகளையும் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். முதல் வகையில் புழு அப்போதைக்குக் குறைந்திருக்கும். இரண்டாம் வகையில் இருப்பது வேறொரு ஊரின் புழு. இரண்டையும் பரிசோதிக்கலாம், ஆனால் உங்கள் ஊர்க் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மருந்து கொடுத்த தேதி கேட்டால் "போன மாசம் கொடுத்தோம்" என்பார்கள். மருந்து பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள், வாங்கிய சீட்டு இருந்தால் பாருங்கள். பாதி வீடுகளில் பாட்டில் கூரையில் செருகியிருக்கும்.

3. எத்தனை ஆட்டிடம் எடுக்க வேண்டும்

"பத்து ஆடு பார்த்தால் போதாதா?" என்பது வழக்கமான கேள்வி. போதாது. 20 ஆடு பார்த்து 14இல் முட்டை இருந்தால் 70 சதவீதம் என்று எழுதுவீர்கள். ஆனால் பெரிய மந்தையிலிருந்து எடுத்த வெறும் 20 ஆட்டை வைத்துப் பார்த்தால், உண்மையான விகிதம் 48 சதவீதமாகவும் இருக்கலாம், 85 சதவீதமாகவும் இருக்கலாம். 100 ஆடு பார்த்து 70இல் இருந்தால் அந்த இடைவெளி 60 முதல் 78 வரை சுருங்கிவிடும்.

ஊர் அளவுக்குப் பயன்படும் எளிய கணக்கு இது. விகிதம் என்னவென்று முன்னால் தெரியாதபோது 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டு, இந்தப் பக்கம் 10, அந்தப் பக்கம் 10 சதவீதத் தவறு வரை ஏற்றுக்கொள்கிறோம். அப்படியானால் பெரிய கூட்டத்தில் 96 ஆடு தேவை. ஊரில் ஆடு குறைவாக இருந்தால் இதுவும் குறையும்: மொத்தம் 60 ஆடு என்றால் ஏறக்குறைய 37, 150 என்றால் 59, 300 என்றால் 73, ஆயிரம் என்றால் 88.

இன்னொன்றையும் கவனியுங்கள். 60 ஆட்டில் 37 பார்க்க வேண்டியிருக்கிறது, ஆயிரத்தில் 88 பார்த்தாலே போதும். ஊர் பெரிதாகிறது என்பதற்காக வேலை அதே அளவுக்குப் பெருகுவதில்லை. அதனால் இரண்டு மூன்று சிற்றூர்களைத் தனித்தனியாகப் பார்ப்பதைவிட, ஒரே ஏரிப் பாசனத்தில் மேயும் ஊர்களைச் சேர்த்து ஒரே பட்டியலாகப் போடுவது லாபம். ஆனால் மேய்ச்சல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பென்னாகரம் பக்கம் காட்டில் தழை கடிக்கும் ஆட்டையும், கிருஷ்ணகிரி அணைக்குக் கீழே நெல்வயல் வரப்பில் மேயும் ஆட்டையும் ஒன்றாகப் போடாதீர்கள்.

4. சீட்டுக் குலுக்கி எடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

பட்டிக்குப் போய் "ஒரு ஆட்டைப் பிடிங்க" என்றால், வீட்டுக்காரர் இரண்டில் ஒன்றைத்தான் செய்வார். மெலிந்து கழிந்துகொண்டிருக்கும் ஆட்டைக் கொண்டுவருவார், அதற்கு வைத்தியம் நடக்கட்டும் என்ற ஆசையில். அல்லது கைக்கு எளிதாகச் சிக்கும் ஆட்டைப் பிடிப்பார். முதல் வழியில் சதவீதம் ஏறிவிடும். இரண்டாவதில் எந்தப் பக்கம் சாயும் என்றே சொல்ல முடியாது. நான் முதன்முதலில் செய்த கணக்கு முழுவதும் அப்படித்தான் வீணாகப் போனது. கொடுத்த ஆட்டையெல்லாம் வாங்கிப் பார்த்தேன், ஏறக்குறைய எல்லாவற்றிலும் புழு. ஊருக்கே புழு என்று சொல்லிவிட்டேன். மறுபடி குலுக்கி எடுத்துப் பார்த்தபோதுதான் நான் நோயாளிகளை மட்டும் எண்ணியிருந்தது புரிந்தது.

எப்படிக் குலுக்குவது? பட்டியலில் உள்ள எண்களைத் தனித்தனிச் சீட்டில் எழுதி மடித்து ஒரு குடத்தில் போடுங்கள். குலுக்கல் சீட்டு நடத்தும் மகளிர் குழுக்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். தேவையான எண்ணிக்கை வரும் வரை எடுங்கள், கூடவே ஐந்தாறு உபரிச் சீட்டும் எடுத்து வரிசையாக வையுங்கள். இதை ஊர்ப் பெரியவர்கள் முன்னால் செய்தால் "என் ஆட்டை ஏன் விட்டீர்கள்" என்ற சண்டையும் வராது.

ஒரு எண் வந்து, அந்த ஆட்டை விற்றிருந்தால் அல்லது அது மாரியம்மனுக்கு நேர்ந்துவிட்ட கிடா, யாரையும் தொட விடமாட்டோம் என்று வீட்டார் சொன்னால் வற்புறுத்தாதீர்கள். நோட்டில் காரணத்தை எழுதிவிட்டு, உபரிச் சீட்டில் அடுத்த எண்ணுக்குப் போங்கள். பக்கத்தில் நிற்கும் ஆட்டைப் பிடிக்காதீர்கள்.

சரி, நோயாளி ஆட்டை வீட்டுக்காரர் காட்டினால் என்ன செய்வது? அதையும் எடுத்துப் பாருங்கள், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள். உறையில் "கணக்கில் சேராது" என்று எழுதிவிடுங்கள். வீட்டுக்காரரை வெறுங்கையோடு அனுப்பினால் அடுத்தமுறை அவர் கதவைத் திறக்கமாட்டார்.

5. முன்கூட்டியே தயாராக வேண்டியவை

கையுறை, சிறு பிளாஸ்டிக் உறைகள், அழியாத பேனா, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டி, கிராம் காட்டும் சிறு தராசு, உரல் உலக்கை மாதிரியான சின்னக் கல்வம், டீ வடிகட்டி, சோதனைக் குழாய், ஸ்லைடு, மூடிக் கண்ணாடி, டிராப்பர், 10 மடங்கு லென்ஸ் உள்ள மைக்ரோஸ்கோப், மெக்மாஸ்டர் எண்ணும் கண்ணாடி (முட்டையை எண்ணக் கோடு போட்ட இரண்டு அறைகள் உள்ள ஸ்லைடு).

மைக்ரோஸ்கோப் இல்லையென்றால் ஆட்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலும், கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையத்திலும் முன்பே பேசி, எந்த நாளில் எத்தனை மாதிரி வாங்கிக்கொள்வார்கள் என்று கேளுங்கள். திடீரென்று 60 உறையோடு போய் நின்றால் யாராலும் பார்க்க முடியாது, உறைகள் மூலையில் கிடந்து கெட்டுப்போகும்.

உப்புக் கரைசலை முந்தின நாளே செய்யுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, ஏறக்குறைய 400 கிராம் கல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். ஆறிய பிறகும் அடியில் கரையாத உப்பு தங்கியிருக்க வேண்டும். மேல் தண்ணீரைத் துணியில் வடித்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தெளிவில் புழு முட்டை மிதக்கும், சாணத் தூள் அடியில் தங்கும்.

கோழி முட்டை மிதக்கிறதா என்று போட்டுப் பார்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. இங்கே அது ஏமாற்றும். உப்பு பாதி கரைந்த நிலையிலேயே கோழி முட்டை மிதந்துவிடும். புழு முட்டைக்கு அதைவிட அடர்த்தி வேண்டும். அடியில் உப்பு மிச்சம் இருப்பதுதான் நம்பகமான அடையாளம்.

6. புழுக்கை எடுப்பது

காலையில், ஆடு பட்டியை விட்டுப் போவதற்கு முன் எடுங்கள். கையுறை போட்ட விரலில் தண்ணீரோ கொஞ்சம் கடலை எண்ணெயோ தொட்டு, ஆசனவாயிலிருந்தே நேரடியாக எடுக்க வேண்டும். மிதக்கவிட மூன்று கிராம், எண்ண நான்கு கிராம் வேண்டும் என்பதால் கிடைப்பது ஏழு கிராமுக்குக் குறையக் கூடாது. ஏரியோரத்து ஆடு என்றால் படியவிட்டுப் பார்க்க இன்னும் ஐந்து கிராம் வேண்டும். தரையிலிருந்து பொறுக்கினால் மண்ணில் சுதந்திரமாக வாழும் புழுக்கள் ஏறிவிடும், எந்த ஆட்டுடையது என்றும் தெரியாது.

சின்னக் குட்டிக்கு விரல் விடாதீர்கள், கிழிந்துவிடும். படுத்திருக்கும் குட்டியை எழுப்பினால் பெரும்பாலும் எழுந்ததும் புழுக்கை போடும். பக்கத்தில் நின்று, விழுந்தவுடன் மேல் புழுக்கையை மட்டும் எடுங்கள்.

உறையில் காற்றை நன்றாகப் பிழிந்து வெளியேற்றி முடிச்சிடுங்கள். உறையின் மேல் ஆட்டின் எண், தேதி. உள்ளே சீட்டுப் போட்டால் நனைந்து எழுத்து அழியும். ஒரு ஆட்டுக்கு ஒரு கையுறை. ஒரே கையுறையால் பட்டி முழுவதும் எடுத்தவர்களுக்கு எல்லா ஆட்டிலும் புழு இருப்பதாகத்தான் தெரியும்.

அப்போதே ஆட்டின் கீழ் இமையை இழுத்து உள்நிறத்தைப் பார்த்து எழுதுங்கள்: நல்ல சிவப்பா, இளஞ்சிவப்பா, வெளுப்பா. தாடைக்குக் கீழே நீர் கோர்த்துத் தொங்குகிறதா என்பதையும் எழுதுங்கள். இரைப்பைப் புழு ஒன்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.05 மில்லி ரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் தினமும் 50 மில்லி. எண்ணிக்கையை இமையின் நிறத்தோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் எந்த ஆடு உண்மையில் துன்பப்படுகிறது என்று தெரியும்.

7. குளிரில் வையுங்கள், உறைய விடாதீர்கள்

உறைகள் நேராக ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும். ஐஸ் கட்டியோடு ஒட்டாமல் நடுவில் செய்தித்தாள் வையுங்கள். அன்றோ மறுநாளோ எண்ணிவிடுங்கள். முடியவில்லை என்றால் குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் சில நாள் தாங்கும். உறைபெட்டிக்குள் வைத்தால் முட்டை சிதையும்.

ஒருமுறை அரூரிலிருந்து திரும்பிய அசதியில் உறைகளை மேசையிலேயே விட்டுத் தூங்கிவிட்டேன். மறுநாள் மதியம் ஸ்லைடில் பார்த்தால் வெறும் ஓடுகளும் நெளியும் குஞ்சுகளும்தான். நம் ஊர் வெயிலில் முட்டை பொரிய ஒரு நாள் போதும். காற்றைப் பிழிந்து வெளியேற்றச் சொல்வதும் இதற்குத்தான். காற்று இல்லாமல் முட்டை வளராது.

8. உண்டா இல்லையா: மிதக்கவிட்டுப் பார்ப்பது

மூன்று கிராம் புழுக்கையைக் கல்வத்தில் கொஞ்சம் உப்புக் கரைசல் விட்டு நசுக்கி, மேலும் கரைசல் சேர்த்து டீ வடிகட்டியில் வடியுங்கள். வடிந்ததைச் சோதனைக் குழாயில் விளிம்புக்கு மேல் சற்றுக் குவியும் வரை நிரப்பி, மூடிக் கண்ணாடியை மெல்ல வைத்து 15 நிமிடம் விடுங்கள். பிறகு கண்ணாடியை நேராகத் தூக்கி ஸ்லைடில் வைத்துப் பாருங்கள்.

அரைமணிக்கு மேல் விட்டால் உப்புப் படிகம் கட்டும், முட்டையின் ஓடும் சுருங்கும். அதனால் ஒரே நேரத்தில் 20 குழாய் அடுக்காதீர்கள். ஆறு ஆறாகச் செய்யுங்கள்.

"எத்தனை சதவீத ஆட்டில்" என்ற கேள்விக்குப் பதில் இந்தச் சோதனையிலிருந்துதான் வர வேண்டும். ஏன் என்று அடுத்த படியில் தெரியும்.

9. எவ்வளவு: மெக்மாஸ்டர் கண்ணாடியில் எண்ணுவது

நான்கு கிராம் புழுக்கை, 56 மில்லி உப்புக் கரைசல். நசுக்கி, கலக்கி, வடித்து, கலங்கிக்கொண்டிருக்கும்போதே டிராப்பரால் உறிஞ்சி இரண்டு அறைகளையும் நிரப்புங்கள். அசையாமல் வைத்தால் முட்டை மேலே போய்விடும், நடுவில் உறிஞ்சிய நீரில் குறைவாக வரும்.

ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். முட்டைகள் மேல் கண்ணாடியை ஒட்டி நிற்கும். புதியவர்கள் அடியில் குவியம் வைத்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்பார்கள். காற்றுக் குமிழியின் விளிம்பு தெளிவாகத் தெரியும் மட்டத்துக்குத் திருகுங்கள், முட்டை அங்கேதான் இருக்கும். கோட்டுக்குள் உள்ளதை மட்டும் எண்ணி, இரண்டு அறைகளையும் கூட்டி 50ஆல் பெருக்குங்கள். இரண்டிலும் சேர்த்து 24 முட்டை என்றால் கிராமுக்கு 1,200.

ஏன் 50? மொத்தக் கரைசல் ஏறக்குறைய 60 மில்லி, அதில் 4 கிராம். அதாவது ஒரு கிராமுக்கு 15 மில்லி. இரண்டு அறைகளின் கொள்ளளவு 0.3 மில்லி. 15ஐ 0.3ஆல் வகுத்தால் 50. உங்கள் கண்ணாடியின் கொள்ளளவு வேறாக இருந்தால் பெருக்கும் எண்ணும் மாறும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிராமுக்கு 50க்குக் கீழே உள்ளதை இந்தக் கண்ணாடி பெரும்பாலும் தவறவிடும். இங்கே பூஜ்யம் வந்த ஆட்டைப் "புழு இல்லை" என்று எழுதினால் சதவீதம் குறைந்துபோகும். அதனால்தான் உண்டா இல்லையா என்பதற்கு மிதக்கவிடும் சோதனை, எவ்வளவு என்பதற்கு மெக்மாஸ்டர்.

கழிச்சல் இருக்கும் ஆட்டின் சாணத்தில் தண்ணீர் கலந்திருப்பதால் எண்ணிக்கை குறைந்து தெரியும். பக்கத்தில் "கழிச்சல்" என்று குறித்துவிடுங்கள்.

10. ஏரியோரத்து ஆடுகளுக்கும் மாட்டுக்கும்: படியவிட்டுப் பார்ப்பது

ஈரலில் வாழும் தட்டைப்புழுவின் முட்டை கனமானது, உப்பில் மிதக்காது. உப்புச் சோதனை மட்டும் செய்துவிட்டு "தட்டைப்புழு இல்லை" என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்தப் புழுக்கள் நீர்நத்தை வழியாகத்தான் பரவும். ஏரியும் வாய்க்காலும் உள்ள காவேரிப்பட்டினம் பக்கத்து ஊர்களில் இந்தப் படியைத் தவிர்க்கக் கூடாது.

ஐந்து கிராம் சாணத்தை 200 மில்லி தண்ணீரில் கரைத்து வடித்து, ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். மேல் தண்ணீரை மெதுவாகக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். தெளிவு வரும் வரை இப்படிச் செய்து, அடியில் தங்கியதில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டுப் பாருங்கள். குப்பையெல்லாம் நீலமாகும். ஈரல் தட்டைப்புழு முட்டை பொன்மஞ்சளாகத் தனியே தெரியும். அதே அளவில் நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி இருந்தால் இரைப்பைத் தட்டைப்புழு.

தொற்றி ஏறக்குறைய மூன்று மாதம் கழித்துத்தான் ஈரல் தட்டைப்புழு முட்டை போடத் தொடங்கும். அதற்குள் பார்த்தால் சாணத்தில் ஒன்றும் தெரியாது.

11. எது முட்டை, எது இல்லை

உருண்டைப்புழுக் கூட்டத்தின் முட்டை நீள்வட்டம், மெல்லிய ஓடு, உள்ளே முசுக்கட்டைப் பழம் மாதிரி அணுக்கள். ரத்தம் குடிக்கும் இரைப்பைப் புழுவும், குடலில் முடிச்சு போடும் புழுவும் இதே தோற்றத்தில்தான் முட்டை போடும். முட்டையைப் பார்த்துப் புழுவின் பெயரை எழுதாதீர்கள். அதற்குப் புழுக்கையை ஈரத்தில் ஒரு வாரம் வைத்துக் குஞ்சு பொரிக்கவிட்டு, குஞ்சைப் பார்க்க வேண்டும். அது ஆய்வகத்து வேலை.

எலுமிச்சை வடிவத்தில் இரு முனையிலும் மூடி வைத்தது சாட்டைப்புழு. முக்கோணமாகவோ சதுரமாகவோ இருந்தால் நாடாப்புழு. அதன் துண்டுகள் புழுக்கையின் மேல் வேகவைத்த அரிசி மாதிரி கண்ணுக்கே தெரியும். மிகச் சிறிய உருண்டைகள் ரத்தக் கழிச்சல் உண்டாக்கும் நுண்ணுயிர்.

இந்தக் கடைசி வகை நலமாக இருக்கும் ஆட்டிலும் கொஞ்சம் இருப்பது சகஜம். இதைப் புழுக் கணக்கில் சேர்த்தால் சதவீதம் நூறைத் தொட்டுவிடும். தனி வரிசையில் எழுதுங்கள்.

கறுத்த தடித்த விளிம்போடு மிகச் சரியான வட்டமாக இருந்தால் அது காற்றுக் குமிழி. ஆடு பூவைத் தின்றிருந்தால் மகரந்தமும் வரும். முதல் 20 ஸ்லைடுகளை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும்.

12. கணக்குப் போடுவது

முட்டை இருந்த ஆடுகளைப் பார்த்த ஆடுகளால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். குட்டி, பெரியது என்று தனித்தனியாகவும் போடுங்கள். சதவீதத்தோடு எத்தனை ஆட்டில் எத்தனை என்பதையும் எழுதுங்கள். "70 சதவீதம்" என்று மட்டும் எழுதினால் அது பத்தில் ஏழா, நூறில் எழுபதா என்று படிப்பவருக்குத் தெரியாது.

பட்டிக் கணக்கையும் ஆட்டுக் கணக்கையும் குழப்பாதீர்கள். பத்துப் பட்டியில் பத்திலும் ஒரு ஆட்டுக்காவது புழு இருந்தால் பட்டிகளில் 100 சதவீதம். ஆடுகளில் அது பாதியாகக்கூட இருக்கலாம்.

பிறகு எண்ணிக்கையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்குங்கள். பொதுவாக மந்தையில் உள்ள புழுவில் பெரும்பகுதி ஐந்தில் ஒன்று, நான்கில் ஒன்று ஆடுகளிடமே இருக்கும். இரைப்பைப் புழு ஒரு நாளைக்கு 5,000 முதல் 10,000 வரை முட்டை போடும். அந்தச் சில ஆடுகள்தான் மேய்ச்சல் நிலம் முழுவதற்கும் விதைக்கின்றன. சராசரியை மட்டும் எழுதினால் இவை கண்ணில் படாமல் போய்விடும்.

13. எண் கையில் வந்த பிறகு

பட்டியலோடு கால்நடை மருத்துவரிடம் போங்கள். கிராமுக்கு 500க்குக் கீழே இலேசு, 1,500க்கு மேல் கடுமை என்பது தோராய அளவுகோல். ஆட்டின் வயது, இமை நிறம், சினை எல்லாம் சேர்த்து அவர் முடிவு செய்வார். சினையின் முதல் மாதத்தில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுக்கக் கூடாது என்பதால் சினை விவரம் எழுதிய நோட்டு அங்கே உதவும்.

ஆட்டை எடை போட்டே மருந்து அளக்க வேண்டும். கண்ணால் மதித்தால் பெரிய ஆட்டுக்குக் குறைந்துபோகும். குறைந்த மருந்தில் தப்பிய புழுதான் அடுத்த தலைமுறையைப் பெருக்கும். அல்பெண்டசோலை விட்டு ஃபென்பெண்டசோலுக்கு மாறுவது மருந்தை மாற்றியதாக ஆகாது, இரண்டும் ஒரே குடும்பம். லெவாமிசோலும் ஐவர்மெக்டினும் வேறு வேறு குடும்பம்.

மருந்து வேலை செய்ததா என்று 14ஆம் நாள் பாருங்கள். மருந்துக்கு முன் சராசரி 1,200, பின்பு 180 என்று வைத்துக்கொண்டால் குறைவு 85 சதவீதம். 95க்குக் கீழே போனால் புழு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

இந்த இரண்டாம் எடுப்புக்கு மறுபடி சீட்டுக் குலுக்கக் கூடாது. முன்பு எண்ணிக்கை ஏறியிருந்த ஆடுகளில் பத்துப் பன்னிரண்டை எடுத்து, அதே எண்கள், அதே எடை, அதே கண்ணாடி என்று பார்க்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஊரின் சதவீதத்தை மறுபடி அறிய வரும்போது பட்டியலைப் புதுப்பித்து, குடத்தை மறுபடி குலுக்குங்கள்.